நூலின் நீளமும் வாசிப்பின் அளவும்: புதுச்சேரியை முன்வைத்து ஒரு வரலாறு

ஒரு நூல் எத்தனை பக்கம் இருக்க வேண்டும் என்று எந்த இலக்கணமும் விதித்ததில்லை. நன்னூல் கூறும் பத்து அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். அதே நன்னூல் பட்டியலிடும் பத்துக் குற்றங்களில் முதல் இரண்டு குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் ஆகும். அதாவது பொருளுக்கு ஏற்ற அளவே நூலுக்கு ஏற்ற அளவு என்பது பழைய கருத்து. ஆனால் நடைமுறையில் நூல்களின் நீளம் காலந்தோறும் மாறியே வந்திருக்கிறது. ஓலை, காகிதம், அச்சு எழுத்து, பத்திரிகை, நூலகம், கணினி என ஒவ்வொன்றும் அதை நீட்டியும் குறைத்தும் இருக்கின்றன.

இக்காலத்தில் யாருக்கும் பெரிய புத்தகம் படிக்கப் பொறுமை இல்லை என்னும் குறை அடிக்கடி கேட்கப்படுகிறது. இந்தக் குறை முழு உண்மை அன்று. நூலின் மொத்த நீளம் மாறிக்கொண்டே வந்தாலும், ஒரு வேளையில் ஒருவர் படிக்கும் அளவு பெரிதும் மாறவில்லை. நீண்ட நூல்கள் எப்போதும் சிறு சிறு பகுதிகளாகவே வாசகரை வந்தடைந்துள்ளன. புதுச்சேரியில் எழுதப்பட்ட, பாதுகாக்கப்பட்ட, வாசிக்கப்பட்ட நூல்களின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாக அமைகிறது.

சுவடிக் காலம்: கண்ணால் அன்று, காதால்

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கப்பட்டது. அங்கு ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இச்சுவடிகளில் பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் அமைந்த சமஸ்கிருத நூல்கள். தமிழ்ச் சுவடிகளும் உண்டு.

ஓலையில் எழுதுவது எளிய வேலை அன்று. பனையோலையை வாரி, பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மை தடவி, துளையிட்டுக் கயிற்றில் கோக்க வேண்டும். ஓலையின் அகலம் மூன்று நான்கு விரல்கடைக்கு மேல் வராது. பூச்சியும் ஈரமும் தின்றுவிடும் என்பதால் சில தலைமுறைக்கு ஒருமுறை படியெடுக்கவும் வேண்டும். இத்தனை சிரமம் இருந்தும் அக்காலத்தில் நீண்ட நூல்கள் எழுந்தன. கம்பராமாயணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது.

இவ்வளவு பெரிய நூலைத் தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் அதைக் கேட்டார்கள். புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய தென்னார்க்காட்டிலும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதம் வாசித்துப் பொருள் சொல்வது நெடுநாள் வழக்கம். ஒருவர் பாடலைப் படிப்பார், பிரசங்கியார் பொருள் விரிப்பார், ஊர் கேட்டுக்கொண்டிருக்கும். கதை பல நாட்கள் நடந்து தீமிதியோடு முடியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இவ்வாறு வில்லிபாரதத்தை அறிந்திருந்தனர்.

இங்கு கவனிக்க வேண்டியது பகுப்பு முறை. கம்பர் காவியம் காண்டங்களாகவும் படலங்களாகவும் பிரிந்துள்ளது. பாரதம் பருவங்களாகவும் சருக்கங்களாகவும் பிரிந்துள்ளது. ஒரு மாலையில் கேட்டு முடிக்கத்தக்க பகுதிகள் நூலுக்குள்ளேயே உண்டு. நூல் பெரிது, அன்றாடப் பங்கு சிறிது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு

புதுச்சேரியின் மிக நீண்ட உரைநடை நூல்களில் ஒன்று வாசகர்களை எண்ணி எழுதப்பட்டதன்று. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல் வரவு, சரக்கு விலை, வழக்கு, திருமணம், போர், ஆளுநர் மாளிகைப் பேச்சு என்று கண்டதையும் கேட்டதையும் பேச்சுத் தமிழுக்கு நெருங்கிய நடையில் பதிந்து வந்தார். சில நாட்களுக்குச் சில வரிகள். சில நாட்களுக்குப் பல பக்கங்கள். 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் காலமானார்.

இந்த ஏடுகள் நெடுங்காலம் வீட்டில் கிடந்தன. 1846-ல் பிரெஞ்சுக்காரரான கலுவா-மோன்ப்ரன் அவற்றைக் கண்டறிந்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். பின்னர் சென்னை அரசாங்கம் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அச்சிட்டது. ஓர் ஆள் கால் நூற்றாண்டு எழுதியதை அச்சுக்குக் கொண்டுவர மற்றொரு கால் நூற்றாண்டு ஆயிற்று. இடையில் சில பகுதிகள் கிடைக்காமலும் போயின.

ஒரே மூச்சில் யாரும் எழுதிய நூலன்று இது. நாளுக்கொரு பதிவாகச் சேர்ந்ததே பன்னிரண்டு தொகுதியாக வளர்ந்தது.

அச்சு எந்திரமும் பாரக் கணக்கும்

1761-ல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலப் படை, ஆளுநர் மாளிகையில் இருந்த அச்சு எந்திரத்தையும் எடுத்துச் சென்றது. அது சென்னை வேப்பேரியில் இருந்த ஃபப்ரீஷியஸ் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. வேப்பேரி அச்சகத்தின் தொடக்கம் அதுவே. அவரது தமிழ்–ஆங்கில அகராதி 1779-ல் வெளிவந்தது.

அச்சு வந்தபின் நூலின் நீளத்தை ஒரு புதிய கணக்கு ஆளத் தொடங்கியது. அச்சகத்தார் அதைப் பாரம் என்பர். ஒரு பெரிய தாளை மடித்தால் பொதுவாக 8 அல்லது 16 பக்கம் கிடைக்கும். அதுவே ஒரு பாரம். காகிதம், அச்சுக்கூலி, கட்டுமானம் எல்லாம் பாரக் கணக்கில்தான். சிறிய அச்சகங்களில் ஈய எழுத்துகள் சில பாரங்களுக்கு மட்டுமே போதும். கோத்த எழுத்தை அச்சடித்து முடித்து, பிரித்து, அறைகளில் போட்ட பிறகே அடுத்த பாரத்தைக் கோக்க முடியும். ஆகவே பெரிய நூல் என்றால் மாதக்கணக்கில் உழைப்பும் முன்பணமும் தேவை.

இதனால் அச்சு நூல்கள் இரண்டாகப் பிரிந்தன. ஒருபுறம் வள்ளல்கள், மடங்கள், அரசு ஆகியவற்றின் உதவியால் வந்த பெரிய பதிப்புகள். மறுபுறம் காலணா, அரையணாவுக்குச் சந்தையில் விற்ற ஒன்றிரண்டு பாரச் சிறு நூல்கள்: சிந்து, கும்மி, அம்மானை, கொலைப்பாட்டு முதலியன. புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் ‘பெரிய எழுத்து’ப் பதிப்புகள் விற்றன. நல்லதங்காள் கதையை ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டார் சுற்றி உட்கார்ந்து கேட்பது சாதாரணக் காட்சி. பாட்டைக் கேட்டு அழுத வாசகர்கள் அந்த நூலின் பக்கங்களை எண்ணியதில்லை.

புதுச்சேரியில் பொது நூலகம் 1827-ல் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் ரோமன் ரோலண்டின் நூற்றாண்டை ஒட்டி அவர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவருடைய புகழ்பெற்ற நாவல் ‘ழான் கிறிஸ்தோஃப்’ 10 பாகங்களைக் கொண்டது. அதுவும் ஒரே நாளில் வெளிவந்ததன்று; 1904 முதல் 1912 வரை பாரிஸ் பத்திரிகை ஒன்றில் பகுதி பகுதியாக வந்தது. புதுச்சேரி வாசகர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் அந்தப் பெயரே ஒரு தவணை நாவலாசிரியரின் பெயர்தான்.

பாரதியின் சிறு நூல்கள்

சுப்பிரமணிய பாரதி 1908-ல் புதுச்சேரிக்கு வந்து 1918 வரை வாழ்ந்தார். ‘இந்தியா’ வார இதழ் இங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது செல்லத் தடை வந்ததும் 1910-ல் நின்றுபோனது. வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் இருந்ததால் தடை இதழின் உயிரையே பறித்தது.

கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகிய மூன்றும் இந்தப் பத்தாண்டில் உருவானவை. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-ல் அச்சாயிற்று. இரண்டாம் பாகம் அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. கண்ணன் பாட்டை 1917-ல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்டார். அவருடைய நூல்கள் மெலிந்திருந்ததற்கு எழுதுபொருள் குறைவு காரணம் அன்று. அச்சிடப் பணம் இல்லாமையே காரணம்.

சிறிய நூலின் வலிமையையும் பாரதி நன்கு அறிந்திருந்தார். 1920-ல் தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட வேண்டும் என்று திட்டமிட்டு நண்பர்களிடம் பொருளுதவி கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மொத்தம் 4 லட்சம் பிரதிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் விலைபோகும் என்பது அவர் நம்பிக்கை. பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். பாஞ்சாலி சபதம் முழுமையாக அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை.

இதே காலத்தில் புதுச்சேரியில் தங்கியிருந்த வ. வே. சு. ஐயர் மற்றொரு வழியைத் திறந்தார். அவருடைய ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-ல் இதழில் வெளிவந்தது. தமிழின் முதல் நவீனச் சிறுகதை என்று பலரும் இதைக் கூறுவர். மாற்றுக் கருத்து உடையோரும் உண்டு. ஒரே அமர்வில் படித்து முடிக்கும் உரைநடைக் கதை என்னும் வடிவம் பத்திரிகை வாசகருக்கென்றே பிறந்தது எனலாம்.

பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த பாரதிதாசனும் சிறு நூல்களின் வழியே பரவினார். அவருடைய ‘குடும்ப விளக்கு’ ஐந்து பகுதிகளைக் கொண்டது. பகுதிகள் காலம் தள்ளித் தனித்தனியே வெளிவந்தன. ஒரு பகுதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம். ஐந்தும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் முழுவதும் அடங்கிய காவியம்.

தவணையில் வளர்ந்த பெருநூல்கள்

பணமில்லாதபோது நூல் சிறுத்தது. பத்திரிகை கைகொடுத்தபோது அதே எழுத்து பெருநூலாக வளர்ந்தது. அதற்கும் புதுச்சேரியிலேயே உதாரணம் உண்டு. 1914 ஆகஸ்ட் 15 அன்று ‘ஆர்யா’ என்னும் ஆங்கில மாத இதழ் இங்கு தொடங்கியது. மாதம் 64 பக்கம். அதில் பெரும்பகுதியை ஸ்ரீ அரவிந்தர் ஒருவரே எழுதினார். 1921 ஜனவரி வரை வந்த அவ்விதழில் பல நூல்கள் ஒரே நேரத்தில் தொடராக வளர்ந்தன. அவற்றுள் ஒன்றான ‘தெய்வ வாழ்க்கை’ திருத்தப்பட்டு 1939–40-ல் நூலானபோது ஆயிரம் பக்க அளவை எட்டியது.

தமிழ்நாட்டில் தொடர்கதை என்னும் முறை இதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1890களில் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்து பிறகு நூலாயிற்று. இம்முறையின் உச்சம் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை மூன்றரை ஆண்டுகள் ‘கல்கி’ வார இதழில் வந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள்; நூலாக 2,000 பக்கங்களுக்கு மேல்.

தொடர்கதை நீளத்தை எப்படிக் கூட்டியது என்பது எளிதில் விளங்கும். வாரந்தோறும் நிரப்ப வேண்டிய பக்கம் உண்டு. வாசகர் விரும்பினால் கதையை முடிக்கப் பத்திரிகைக்கு மனம் வராது. அத்தியாய முடிவில் ஒரு முடிச்சு வேண்டும். பிரான்சில் 1830களிலேயே நாளிதழ்களின் அடிப்பகுதியில் நாவல்கள் இவ்வாறு வரத் தொடங்கியிருந்தன. அலெக்சாந்தர் துய்மாவின் ‘மாண்டி கிறிஸ்டோ’ 1844 முதல் 1846 வரை வந்த தொடரே. இங்கிலாந்தில் வாடகை நூலகங்களின் வசதிக்காக நாவல்களை மூன்று தொகுதிகளாக நீட்டும் வழக்கம் 1890கள் வரை நீடித்தது. ஒரே நாவலை மூவர் ஒரே நேரத்தில் இரவல் பெறலாம் அல்லவா!

தமிழ் வீடுகளில் இதனால் ஓர் அருமையான பழக்கம் தோன்றியது. வார இதழ் வந்ததும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து எடுத்து, கதை முடிந்தபின் பைண்டு செய்து வைத்தார்கள். தையல் கயிறும் கோந்தும் காலிகோ துணியும் கொண்டு கட்டிய அந்தத் தொகுப்புகளில் பழைய சோப்பு விளம்பரங்களும் பாதி துணுக்குகளும் இடையிடையே இருக்கும். அவை வீடு விட்டு வீடு இரவல் போயின. விலைக்கு வாங்க முடியாத ஒரு பெருநூலை வாரம் சில அணாவில் வாசகரே உண்டாக்கிக்கொண்ட முறை இது.

மாத நாவலும் நூலக ஆணையும்

1960களின் இறுதிக்குப் பிறகு எதிர்த்திசையில் ஓர் அலை எழுந்தது. 1969-ல் ‘ராணி முத்து’ தொடங்கியது. ஓர் இதழுக்கு ஒரு முழு நாவல், விலை மலிவு. பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள் இல்லத்தரசிகள், ஆலைத் தொழிலாளர், வெளியூர் பயணிகள் எனப் பெரிய வாசகர் கூட்டத்தை உருவாக்கின. ஒரு பயணத்தில் தொடங்கி முடிக்கும் அளவே நாவலின் அளவாயிற்று. எழுத்தாளர் அந்தப் பக்கக் கணக்குக்குள் கொலையையும் துப்பறிதலையும் முடித்தாக வேண்டும். ஏற்கெனவே வந்த பெரிய நாவல்களைச் சுருக்கிப் போடுவதும் நடந்தது.

பொது நூலகங்களும் நீளத்தைப் பாதித்தன. சென்னை மாகாணத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் மாகாண அளவில் வந்த முதற்சட்டம் இது. அதன்பின் நூலகக் கொள்முதல் தமிழ்ப் பதிப்புத் தொழிலின் முக்கியத் தூணாயிற்று. பக்க எண்ணிக்கையை ஒட்டி விலை கணக்கிடப்பட்டதால், நூலகத்துக்கென்றே அளவு பார்த்துத் தயாரிக்கப்பட்ட நூல்களும் வந்தன.

மீண்டும் நாட்குறிப்பு, மீண்டும் பெருநூல்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வேறு வடிவில் வாசகர்களிடம் திரும்பி வந்தது. புதுச்சேரியில் பிறந்த பிரபஞ்சன் (1945–2018) அதை ஆதாரமாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்களை எழுதினார். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பன்னிரண்டு தொகுதிகளைத் திறந்தே பார்க்காத பலர் இந்த நாவல்கள் வழியாகத் துய்ப்ளெக்ஸ் காலத்து நகரத்தை அறிந்தனர். நீண்ட நூல் ஒன்று குறுகிய நூலைப் பெற்றெடுப்பதும், குறுகிய நூல் வாசகரை மூல நூலுக்கு அழைத்துச் செல்வதும் இவ்வாறே நிகழ்கின்றன.

கி. ராஜநாராயணன் இதற்கு மறுதலையான உதாரணம். புதுவைப் பல்கலைக்கழகப் பணிக்காக வந்து, 2021-ல் மறையும் வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்தார். சில நிமிடங்களில் சொல்லி முடியும் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி அவர் களஞ்சியமாக்கினார். துளிகள் சேர்ந்து பெருநூலாயின.

கணினி அச்சுக்கோப்பு வந்ததும் ஈய எழுத்தின் தட்டுப்பாடு மறைந்தது. பெரிய நூலை அமைப்பது எளிதாயிற்று. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ 1997-லும், சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2008-லும், ஜோ டி குருஸின் ‘கொற்கை’ 2009-லும் வெளிவந்தன. பின்னிரண்டும் ஆயிரம் பக்கத்தை ஒட்டியோ தாண்டியோ செல்பவை. சாகித்திய அகாதெமி விருதும் பெற்றவை. 2014 ஜனவரி முதல் 2020 வரை ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளியிட்டார். மொத்தம் 26 நாவல்கள். வாசிப்பு தேய்ந்துவிட்டது என்று பேசப்பட்ட அதே ஆண்டுகளில் தமிழின் மிக நீண்ட நாவல் வரிசை எழுதப்பட்டது. அதையும் வாசகர்கள் நாளுக்கோர் அத்தியாயமாகவே படித்தனர். திரௌபதி அம்மன் கோயில் பந்தலில் பாரதம் கேட்ட முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு அதிகம் இல்லை.

வாசகர் கையில் உள்ள கணக்கு

மாறியிருப்பது ஒன்று உண்டு. முன்பு அன்றாடப் பங்கை வேறொருவர் அளந்து கொடுத்தார். பந்தலில் பிரசங்கியார் அளந்தார். பின்னர் வார இதழ் ஆசிரியர் அளந்தார். ஊரே ஒரே பகுதியைக் கேட்டது. தெருவே ஒரே அத்தியாயத்தைப் பேசியது. அடுத்த பகுதிக்குக் காத்திருப்பதும் வாசிப்பின் பகுதியாக இருந்தது. இன்று முழு நூலும் ஒரே கட்டாகக் கைக்கு வருகிறது. அதைப் பங்கிடும் பொறுப்பு தனி வாசகருடையது. தடித்த நூலைக் கண்டு மலைப்பு ஏற்படுவது இதனால்தான்; பொறுமைக் குறைவு மட்டும் காரணமன்று.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மலைப்பு குறையும். பொன்னியின் செல்வனின் 293 அத்தியாயங்களை நாளுக்கு இரண்டு வீதம் படித்தால் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும். முதல் வாசகர்களுக்கு அதே நூல் மூன்றரை ஆண்டு எடுத்தது. நாளொன்றுக்கு 20 பக்கம் படிப்பவர் ஓராண்டில் 7,300 பக்கங்களைக் கடப்பார். இருநூறு பக்க நூல்கள் என்றால் 36. ஆயிரம் பக்க நூல்கள் என்றால் ஏழு.

நீளம் ஒரு நூலின் தகுதியைக் காட்டாது. குறளின் ஒவ்வொரு பாட்டும் ஏழு சீர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பன்னிரண்டு தொகுதி. இரண்டும் நிலைத்திருக்கின்றன. வாசகர் குறைந்தபோது நூல்கள் படியெடுக்கப்படாமலும் அச்சேறாமலும் அழிந்துள்ளன. எண்ணற்ற சுவடிகள் அவ்வாறே போயின. பாரதியின் நாற்பது நூல் திட்டம் தொடங்கும் முன்பே முடிந்தது. நாள்தோறும் சில பக்கம் என்னும் பழக்கம் ஒருவரிடம் இருக்குமானால் சிறிய நூலும் பெரிய நூலும் அவருக்கு ஒன்றே. அந்தப் பழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் நாளுக்கோர் அத்தியாயம் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டாலே போதும்.